உள்வளையம் மட்டும்

அத்தியாயம் 6

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை காலை, பெங்களூரு ஓசூர் சாலையில் ஹெப்பகோடிக்கு அருகே, நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் மோதியதில் ரகு என்ற முப்பத்து மூன்று வயது இளைஞன் அந்த இடத்திலேயே இறந்தான்.

அந்த மோட்டார் சைக்கிள் இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், ஒரு மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரம் முறுக்கிக்கொண்டிருந்தது. பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. நிருபமா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, எதையும் தொடாமல் வெகுநேரம் பார்த்தாள். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, நசுங்கிய வண்டிகளோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். மனிதர்களைவிட இரும்பு குறைவாகப் பொய் சொல்லும் என்பது அவள் அனுபவம்.

"மேடம், நமக்கு வர்ற கேஸ்ல ஒரு வண்டியாவது நேரா நிக்காதா?" என்றான் அவள் உதவியாளன் க்ளென். விவேக் நகர்க்காரன். நாற்பதைத் தொட்டும் வாய் அடங்காதவன்.

"நேரா நிக்கிற வண்டிக்கு நம்மள யாரு கூப்பிடுவா?"

"அதுவும் சரிதான். கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன்."

கொட்டகைக்கு வெளியே, வெயிலிலேயே நின்றிருந்தாள் வைஷ்ணவி, ரகுவின் மனைவி. வண்டியின் பக்கம் அவள் இன்னும் திரும்பவில்லை. திருப்பத்தூர்ப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பது அவள் உத்தியோகம், சுபாவமும் அதுதான். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தொம்மலூர் வீட்டுக்குக் கீழே பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, இந்த வண்டியின் முன்பிரேக்கில் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைப் பிரித்து, அதிலிருந்த ரப்பர் சீல்களைத் தன் கையாலேயே மாற்றினாள். இரண்டு வாரத்துக்குள் அந்தப் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. மருமகளின் அலட்சியத்தால் மகன் செத்தான் என்று மாமனார் ரங்கநாதன் புகார் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் நிருபமாவின் அறைக்கு வந்தபோது வைஷ்ணவி அழவில்லை. "நான் பண்ணலைன்னு நிரூபிக்கச் சொல்லலை மேடம். நான்தான் பண்ணேனா இல்லையா, அது தெரியணும். ஜெயிலுக்குப் போறதுன்னாலும் தெரிஞ்சுட்டுப் போறேன்," என்றாள்.

ஹெட் கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து நீட்டினார். போலீஸ் மெக்கானிக் காலிப்பரிலிருந்து எடுத்த வளையங்கள் அதற்குள் இருந்தன.

"பாருங்க மேடம். சீல் ஊதிடுச்சு. பிஸ்டன் திரும்பி உள்ள போகல. பேட் டிஸ்கை உரசிட்டே இருந்திருக்கு. சூடாகி, ஆயில் கொதிச்சு, லாரியப் பார்த்து பிரேக் பிடிச்சா லீவர் சும்னே லூசாக் கைக்கு வந்திருக்கு." தமிழும் கன்னடமும் அவர் பேச்சில் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தன. "பெட்ரோல்ல கழுவியிருப்பாங்க, இல்லே கிரீஸ் தடவியிருப்பாங்கன்னு மெக்கானிக் சொல்லிட்டான். வீட்ல பண்றவங்க எல்லாரும் அதைத்தானே மாடோது? சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சார் கையெழுத்துப் போட்டா அந்தம்மா மேல சார்ஜ் ஷீட்."

"உங்க ஜீப்பை எங்க சார் சர்வீஸ் விடறீங்க?" என்றான் க்ளென்.

"ஜீப்புக்கு சர்வீஸா? தள்ளுவோம், ஓடும்."

நிருபமா வளையங்களை உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு வளையம். உள்ளே இருப்பது தடித்தது, பிரேக் ஆயிலை வெளியே விடாமல் அடைப்பது. வெளியே இருப்பது மெல்லியது, தெருப்புழுதியை உள்ளே விடாமல் தடுப்பது. தடித்த வளையங்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, மென்மையாகியிருந்தன. மெல்லியவற்றை நகத்தால் அழுத்தினாள். கடையில் வாங்கி வந்ததுபோல் விறைப்பாக இருந்தன.

"வைஷ்ணவி, இங்க வாங்க."

அவள் வந்தாள். வண்டியைப் பார்க்காமல் நிருபமாவின் கையை மட்டும் பார்த்தாள்.

"புது சீலை எதால கழுவினீங்க?"

"கழுவவே இல்ல மேடம். புது பாட்டில் பிரேக் ஆயிலை எவர்சில்வர் தட்டுல ஊத்தி, அதுல முக்கி முக்கிப் போட்டேன். பெட்ரோல் கிட்டயே வரக் கூடாதுன்னு வீடியோவுல ஆயிரம் தடவை சொல்றாங்களே."

"தடிசு, மெல்லிசு, ரெண்டையும் அதே தட்டுலயா?"

"ஒரே தட்டு. ஒரே பாட்டில்."

நிருபமா எழுந்தாள். "கிருஷ்ணப்பா சார், சீல் மாட்டறவங்க கை ரெண்டு வளையத்தையும் தொடும். கிரீஸ் தடவினா ரெண்டுலயும் தடவுவாங்க. பெட்ரோல்ல போட்டா ரெண்டையும் சேர்த்துப் போடுவாங்க. அப்படின்னா ரெண்டும் ஊதியிருக்கணும். உள்வளையம் மட்டும் ஊதியிருக்கு. ஆயில் படற இடம் அது ஒண்ணுதான். கெடுதி மாட்டின கை வழியா வரல, ஆயில் வழியா வந்திருக்கு."

கிருஷ்ணப்பா தலையைச் சொறிந்தார். "ஹௌது, சரிதான். ஆனா மேடம், ஆயில் ஊத்தினதும் அவங்கதானே?"

வைஷ்ணவியின் முகம் வெளுத்தது. அந்தக் கேள்வியை அவள் தனக்குள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள் என்பது நிருபமாவுக்குத் தெரிந்தது. "பாட்டில் மேல எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் ஊத்தினேன்," என்றாள் வைஷ்ணவி. "பார்த்தேன்னுதான் நினைக்கிறேன். இப்போ எதுவும் நிச்சயமாத் தெரியல மேடம்."

ஹேண்டிலின் வலப்பக்கத்தில் பிரேக் ஆயிலுக்கான சின்ன டப்பா உடையாமல் இருந்தது. க்ளென் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். நிருபமா மூடியைத் திறந்தாள். அடியில் இருந்த ரப்பர் ஜவ்வு பொரித்த அப்பளம் போல் நெளிந்து கிடந்தது. மிச்சமிருந்த ஆயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டாள். கலங்கலாக இருந்தது, லேசான சிவப்பு.

"சிவப்பு குங்குமம் மேடம்," என்றார் கிருஷ்ணப்பா. "ஆயுத பூஜைக்கு அப்பினது. ஊரே அப்பிட்டுத் திரியுது."

நிருபமா குப்பியை மதில்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். க்ளென் கிருஷ்ணப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். டீ முடிவதற்குள் குப்பிக்குள் இரண்டு அடுக்குகள் பிரிந்திருந்தன. அடியில் சன்னமாக மஞ்சள், அதன்மேல் தடிமனாகச் சிவப்பு.

"குங்குமம் அடியில தங்கும் சார். மிதக்காது. இது ரெண்டு எண்ணெய். ஒண்ணோட ஒண்ணு சேராதது. அவங்க ஊத்தினது அடியில இருக்கு. மேல இருக்கறது யாரோ ஊத்தினது."

"யாரோன்னா? எப்போ?"

நிருபமா மூடியை வெளிச்சத்தில் திருப்பினாள். வண்டியின் முன்கண்ணாடி மறைவில் இருந்ததால் அதன்மேல் அப்பியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மழை முழுதாகக் கழுவியிருக்கவில்லை. "பூஜை அன்னிக்கு எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டாள்.

வைஷ்ணவி கைபேசியை எடுத்தாள். இந்தப் படத்தை அவள் அதற்குப் பிறகு திறந்ததில்லை என்பது விரல் தயங்கியதில் தெரிந்தது. அக்டோபர் முதல் தேதி. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டிலில் சாமந்தி மாலை, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ரகு சிரித்துக்கொண்டிருந்தான். நிருபமா அவன் முகத்தைத் தாண்டி, மூடியைப் பெரிதாக்கினாள். மூடி முழுக்கச் சந்தனம், ஸ்க்ரூ தலைகள்கூடத் தெரியாதபடி. நடுவில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

"சீல் மாத்தினது பூஜைக்கு முன்னால. அப்புறம் நீங்க இதைத் திறந்தீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

"திறந்திருக்காங்க. ஸ்க்ரூ பள்ளத்துல இருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்திருக்காங்க, பாருங்க. மூடின பிறகு பழைய பொட்டு மேல புதுப் பொட்டு வெச்சிருக்காங்க. முதல் பொட்டு உங்க விரல் அளவு. இது கட்டைவிரல் அளவு."

க்ளென் எட்டிப் பார்த்தான். "ஆளைக் கொல்றதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் பொட்டும் வெச்சுட்டுப் போறானா? பக்திமான் மேடம்."

"அதான் க்ளென். கெடுக்க வந்தவன் பொட்டு வைக்க மாட்டான். இது யாரோ நல்லது பண்றதா நெனைச்சுப் பண்ண வேலை. வீட்டு ஆள்." அவள் வைஷ்ணவியின் பக்கம் திரும்பினாள். "உங்க மாமனார் என்ன வேலை பார்த்தார்?"

"பஸ் டிப்போவுல மெக்கானிக். பிரேக் செக்‌ஷன். ரிடையர் ஆயிட்டார்."

"போச்சு," என்றான் க்ளென். "ஆயுசு பூரா பிரேக்கைக் கட்டிக்கிட்டு அழுதவரு. அவரு தப்பு ஆயில் ஊத்துவாரா? அடிச்சுருங்க மேடம் அந்தப் பேரை."

நிருபமா குப்பிக்கு மூடி போட்டாள். வளையங்களில் இரண்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மூவரும் காரில் தொம்மலூருக்குப் புறப்பட்டார்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்றபோது வைஷ்ணவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் மேல வரல. அத்தை என் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

அலுவலகக் கண்ணாடிக் கட்டடங்களின் முதுகுப்பக்கம், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. மாடிப்படி ஏறியதும் செருப்பு அலமாரியின் மேல் ரகுவின் இன்னொரு ஹெல்மெட். கதவைத் திறந்தவர் ரங்கநாதனேதான். நெடிய உருவம், நன்றாக மழித்த முகம். பின்னால் சமையலறை வாசலில் அவர் மனைவி ரத்தினம்மாள் தரையில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருந்தாள். நிருபமா தாங்கள் யாரென்று சொன்னாள்.

"அவ அனுப்பினாளா?" என்றார் ரங்கநாதன்.

"ஆமாம்," என்றாள் நிருபமா. "உங்ககிட்டயும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

"கேளுங்கம்மா. மறைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உட்காருங்க."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பத்தோரு வருஷம் பிரேக் செக்‌ஷன். என் கை பட்டுப் போன பஸ் ஒண்ணுகூட பிரேக் ஃபெயில்னு திரும்பி வந்ததில்ல. அப்படிப்பட்ட வீட்டுல இவ வீடியோவைப் பார்த்து பிரேக் பிரிக்கிறா. பேடா, வேண்டாம்னு சொன்னேன். இவன் கேக்கல. 'அப்பா, அவ என்னைவிட நல்லாப் பண்ணுவா'ன்னான்."

"நீங்க பார்த்ததுல அவங்க வேலைல என்ன குறை?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் முன்னால் சாய்ந்தார். "பூஜை முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. அவ யாரோ சினேகிதியப் பார்க்கப் போயிருந்தா. இவன் படுத்திருந்தான். கீழ போனேன். வண்டி சைடு ஸ்டாண்டுல நிக்குது. ஹேண்டில்ல ஆயில் பார்க்கறதுக்குச் சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு, தெரியுமில்ல? அதுல கோட்டுக்குக் கீழ நிக்குது ஆயில். மாத்தி ஒரு வாரம்தான் ஆச்சு. வயிறு எரிஞ்சுது எனக்கு."

சாய்ந்து நிற்கிற வண்டியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், கண்ணாடி பொய் சொல்லும் என்று நிருபமாவுக்குத் தெரியும். அவள் குறுக்கே பேசவில்லை.

"மகன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவகிட்ட கேப்பான். அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு? நானே பண்ணிட்டேன். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணி மாதிரி இருக்கும்மா. வழுவழுப்பே இல்ல. கீழ இருக்கிற நிப்பிளைத் திறந்து அத்தனையும் இறக்கிட்டு, நல்ல ஆயிலா ஊத்தி, காத்து போற வரைக்கும் லீவரை அடிச்சு, கல்லு மாதிரி ஆக்கி வெச்சேன். மூடில பொட்டு அழிஞ்சு போச்சு. பூஜைல வெச்சதாச்சே, திரும்ப வெச்சேன். அவ்வளவு பார்த்தும் அவ போட்ட சீல் என் பிள்ளையக் கொன்னுடுச்சு."

க்ளென் நிருபமாவின் பக்கம் திரும்பினான்.

"நல்ல ஆயில்னா," என்றாள் நிருபமா, "டிப்போவுல பஸ்ஸுக்குப் போடற பிரேக் ஆயிலா?"

ரங்கநாதன் லேசாகச் சிரித்தார், தெரியாதவர்களிடம் தொழில்காரன் சிரிக்கிற சிரிப்பு. "பஸ்ஸுக்கு ஏதும்மா பிரேக் ஆயில்? ஏர் பிரேக். எல்லாம் காத்து. நான் பார்த்த பிரேக்குல சொட்டு எண்ணெய் கிடையாது."

"அப்போ ஊத்தினது?"

எழுந்துபோய் பரண் கீழிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். "பவர் ஸ்டீயரிங் ஆயில். ஒண்ணு வாங்கி வெச்சிருப்பேன். வாசல் கேட், ஷட்டர், ரத்தினத்தோட தையல் மெஷின், எல்லாத்துக்கும் இதான். பத்து டன் பஸ்ஸையே திருப்பற ஆயில். இந்தச் சின்ன வண்டிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

டப்பாவின் வாயில் ஒரு துளி சிவப்பாகத் தொங்கியது.

அதோடு எழுந்து போய்விடலாம். சொன்னது அவரே, கேட்டவர்கள் இரண்டு பேர், டப்பா கண்ணெதிரே இருக்கிறது. மாலைக்குள் சார்ஜ் ஷீட்டை நிறுத்த இது போதும். மீதியை இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொள்வார். ஆனால் ஸ்டேஷன் பெஞ்சில், போகிற வருகிறவர்களுக்கு நடுவே, ஒரு தகப்பனின் காதில் விழவேண்டிய செய்தியாக நிருபமாவுக்கு அது தோன்றவில்லை. பையிலிருந்து இரண்டு வளையங்களையும் குப்பியையும் எடுத்து டப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.

"இது ரெண்டும் ரகு வண்டியோடது. கொஞ்சம் பாருங்க."

ரங்கநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தடித்த வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார், அழுத்தினார். மெல்லியதை எடுத்து நகத்தால் கீறினார். மறுபடி தடித்ததை எடுத்தார். ரப்பரைத் தெரிந்த விரல்கள்.

"ரெண்டும் ஒரே செட்டா?"

"ஒரே பாக்கெட்."

"இது ஊறிப்போச்சு. அது ஊறல."

"வெளிய இருக்கறதுல ஆயில் படாது. உள்ள இருக்கறது ஆயில்லயே கிடக்கும். இந்த ரப்பர் பிரேக் ஆயிலுக்குன்னே செஞ்சது, அதுல எத்தனை வருஷம் கிடந்தாலும் ஊறாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறும்."

அவர் குப்பியைக் கையில் எடுத்தார். மேலே இருந்த சிவப்பைப் பார்த்தார். டப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"கோட்டுக்குக் கீழ இருந்துதே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"சைடு ஸ்டாண்டுல அப்படித்தான் தெரியும். வண்டியை நிமிர்த்திப் பார்த்திருந்தா சரியா இருந்திருக்கும்."

"அப்போ அவ போட்டது?"

"சரியாத்தான் போட்டிருந்தாங்க."

சமையலறை வாசலிலிருந்து ரத்தினம்மாள் கேட்டாள்: "என்னாங்க? என்ன சொல்றாங்க அவங்க?"

ரங்கநாதன் குப்பியை இன்னும் கண்ணெதிரே பிடித்திருந்தார். க்ளென் எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தான்.

"என்னாங்க, உங்களத்தான்."

"இரு ரத்தினம்." பிறகு நிருபமாவிடம், "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நிச்சயமாத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். கீழ கார்ல இருக்காங்க."

"நான் சொல்றேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நிருபமாவும் க்ளெனும் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தார்கள். சந்தில் காய்கறி வண்டிக்காரன் ஒருவன் காருக்குப் பின்னால் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தான். ரங்கநாதன் அவனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, காரின் கூரையில் ஒரு கையை ஊன்றி, ஜன்னலருகே குனிந்தார். அவர் பேசியது மேலே கேட்கவில்லை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வைஷ்ணவி முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, அவரைத் திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். மூலையில், மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். சாவு விழுந்த நாளிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"நான் போகட்டுமா மேடம்?" என்றான் க்ளென்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் விடு."

அன்று மாலை ரங்கநாதன் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய் இரண்டாவது வாக்குமூலம் கொடுத்தார். தகர டப்பாவை அவரே எடுத்துப்போய் ஒப்படைத்தார். வழக்கிலிருந்து வைஷ்ணவியின் பெயர் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் ரங்கநாதனின் பெயர் சேர்க்கப்பட்டது.